இரண்டு ஹெல்மெட்டும் ஒரு முழம் மல்லியும்

என் வீட்டுக்காரருக்குக் கொள்கை என்று ஒன்று இருப்பது கல்யாணத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவரைத்தான் கட்டியிருப்பேன். கொஞ்சம் முன்னேற்பாட்டோடு வந்திருப்பேன், அவ்வளவுதான்.

செங்கல்பட்டில் பெரியாஸ்பத்திரிக்குப் பின்னால் எங்கள் வீடு. அவர் தினமும் பைக்கில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவார். ஜி.எஸ்.டி. ரோட்டில் அடிபட்டவர்களை ஏற்றிவரும் ஆம்புலன்ஸ் எங்கள் தெருமுனையில்தான் திரும்பும். அவர் வரும் நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். பைக் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே போய் மறுபடி பற்றவைப்பேன். எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எப்போதும் தாமதம்.

அவர் ஹெல்மெட் போடமாட்டார். அதுதான் அந்தக் கொள்கை.

"சிவப்பு விளக்கு போட்டா நிக்கறேன். ஒரு ஈ காக்கா இல்லாத ரோட்டுலகூட நிக்கறேன். ஏன்? நான் பாட்டுக்குப் போனா இன்னொருத்தன் மேல மோதுவேன். அடுத்தவன் உயிருக்கு கவர்மெண்ட் ரூல் போடட்டும், நூத்துக்கு நூறு கேக்கறேன். என் மண்டை என்னுது. ஒடைஞ்சா நான் பாத்துக்கறேன்."

"ஒடைஞ்ச மண்டைய வெச்சிகினு நீங்க இன்னாத்த பாத்துப்பீங்க?"

சிரிப்பார். நான் கோபமாக இருக்கும்போது சிரிக்கிற மனுஷரை என்னதான் செய்வது? தொழிற்சாலைக்குள் மட்டும் மஞ்சள் தொப்பியை ஒழுங்காக மாட்டிக்கொள்வாராம். அதைக் கேட்டால், "அது அவங்க எடம். உள்ள வரணும்னா போடணும்னு சொல்லித்தான் வேலை குடுத்தாங்க. ஒத்துகினு போனேன்" என்பார். பேச்சில் அவரை மடக்கவே முடியாது. பேப்பரில் வந்த விபத்துச் செய்திகளைப் படித்துக் காட்டினேன். மகளைத் தூண்டிவிட்டு அழவைத்தேன். ஒரு தடவை நாள் முழுக்கப் பேசாமல் இருந்து பார்த்தேன். அதில் எனக்குத்தான் வாய் வலித்தது.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் சட்டமே வந்துவிட்டது. வண்டி ஓட்டினால் ஹெல்மெட் கட்டாயம். என்னால் ஆகாததை அரசாங்கம் முடித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோட்டோரமெல்லாம் ஹெல்மெட் வியாபாரம். ஆண்கள் அதை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். தூரத்தில் போலீஸ் தெரிந்ததும் தலைக்கு ஏறும், தாண்டியதும் கைக்கு இறங்கும். எதிர்வீட்டுக்காரர் அதில் முட்டை வாங்கி வந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இவர் அதைக்கூடச் செய்யவில்லை. "போலீசுக்குப் போட்டுகினு போலீசு போனதும் கழட்டறது ஏமாத்து வேலை. புடிச்சா ஃபைன் கட்டறேன்" என்றார். பிடித்தபோதெல்லாம் ரசீது கேட்டு வாங்கிக் கட்டினார். எனக்கு அழுகையே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் அவர் தோளையும் இன்னொரு கையால் தலையில் வைத்த மல்லிகையையும் பிடித்திருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு போலீஸ்காரர் கைகாட்டினார். இவர் வழக்கம்போல ஃபைனுக்குப் பையில் கைவிட்டார். விட்டவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கும் சேத்துப் போடுங்க" என்றார்.

"அவங்களுக்கு வாணாம் சார். பின்னாடி குந்தற லேடீஸுக்கு ரூல் கெடையாது."

"ஏன்? வுழுந்தா அவங்க மண்டை ஒடையாதா?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "அத்த என்னாண்ட கேட்டா? சட்டத்துல அப்டித்தான் கீது சார்."

அதன்பின் வண்டி மாட்டுவண்டியைவிட மெதுவாகப் போனது. தங்கை வீட்டில் வஞ்சிரம் வறுவலைக்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் வேலை முடிந்து ஒரு ஹெல்மெட்டோடு வந்தார். ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று நான் பூரித்தால், அதை என் கையில் கொடுத்து, "உனக்கு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. "எனக்கு ரூல் கெடையாதே! என் மண்டை என்னுது. ஒடைஞ்சா நான் பாத்துக்கறேன்!"

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"உன்னுதுதான். போட்டே ஆவணும்னு சொல்ல நான் இன்னா கவர்மெண்டா? கேக்கறேன், அவ்ளோதான். இத்தினி வருஷமா உன்ன பின்னாடி குந்தவெச்சி ஓட்டிகினு கீறேன். ஒரு நாளும் தோணல. நேத்து அந்த ஆளு சொன்னதுலேர்ந்து எனக்கு பயமா கீது. போட்டுக்கயேன்."

அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நிற்கும்போதெல்லாம் அதோடுதான் நின்றேன்.

"போட்டுக்கறேன்" என்றேன். அப்புறம்தான் அடுப்பைப் பற்றிச் சொன்னேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அணைப்பதையும், அவர் வண்டிச் சத்தம் கேட்டால் பற்றவைப்பதையும் சொன்னேன். சட்டம், செய்தி, மகள் என்று எதையெதையோ இழுத்தேனே தவிர, இதை மட்டும் அவரிடம் சொன்னதே இல்லை.

"சோறு வேவ லேட்டாறது இதுக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் சோம்பேறி என்றே இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தாராம், பாவி மனுஷர்.

கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் தலையில் இன்னொரு ஹெல்மெட் இருந்தது.

கொஞ்ச நாளில் போலீஸ் கெடுபிடி தளர்ந்துவிட்டது. ஊரில் இருந்த ஹெல்மெட்டெல்லாம் பரணுக்குப் போயின. எங்களுடைய இரண்டு மட்டும் போகவில்லை. புடவை கட்டி ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துப் பஸ்ஸில் போகிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் அதே இடத்தில் அதே போலீஸ்காரர் எங்களை அடையாளம் கண்டு, "இப்போ யாரும் புடிக்கறதில்லயே சார், இன்னாத்துக்கு இது?" என்றார்.

"ரூலுக்கு இல்லீங்க. வூட்டுல கேட்டுகினாங்க" என்றார் இவர்.

ஹெல்மெட்டுக்குள் மல்லிகை நசுங்கிவிடும் என்று எனக்கு ஒரு குறை இருந்தது. அதற்கும் அவரே வழி செய்தார். கிளம்பும்போது பூவை வாழையிலையில் சுற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். தங்கை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, முதலில் என் ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அப்புறம் பூவை எடுத்துக் கொடுப்பார். அதில் அவருடைய வேர்வை வாசமும் சேர்ந்திருக்கும். அப்படியே தலையில் வைத்துக்கொள்வேன்.