பந்தயக் காரில் மாப்பிள்ளை அழைப்பு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் தார்ப்பாய் கட்டி, கடன் வாங்கிய ஸ்பானர்களோடு தொடங்கிய ஒர்க் ஷாப்பை ஷெட்டாக்கினேன், ஷெட்டை மாடிக் கட்டடமாக்கினேன். கரண்ட் தரமாட்டோம் என்றார்கள், வாங்கினேன். ஏரியில் மூழ்கிக் கிடந்த லாரி எஞ்சினை எல்லோரும் காயலான் கடைக்குப் போடச் சொன்னபோது, பிரித்து மாட்டி ஓட வைத்தேன். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். எவன் கையையும் பிடித்து மேலே வரவில்லை. இவ்வளவுக்கும் ஊரில் பெயர் உண்டு. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் இல்லை. அது நடந்தது சுனாமிக்கு முந்தின வருடம், வைகாசி மாதம், மாமல்லபுரத்தில்.

அங்கே சிற்பக் கூடம் வைத்திருந்த ஒருவர் என் வாடிக்கையாளர். நாற்பது வயதுக்கு மேல் அவருக்குக் கார் பந்தயப் பைத்தியம் பிடித்தது. சுற்றிச் சுற்றி வருகிற பந்தயம் அல்ல. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்று கிளம்பும், நேராகக் கால் மைல், முதலில் கோட்டைத் தாண்டியது ஜெயித்தது. ஒரு பழைய விமான ஓடுதளத்தில் எப்போதாவது நடக்கும். அதற்கென்று அவர் தனிக் கார் வைத்துக்கொள்ளவில்லை. தினமும் கல் ஏற்றும் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப்போகிற, பின்சக்கரம் இழுக்கிற அதே பழைய பெட்ரோல் கார்தான்.

அந்த முறை பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அவருடைய தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு புதன்கிழமை. மனிதர் சும்மா இருக்காமல் கூடுவாஞ்சேரியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், "கப்பு அடிச்ச காருலதான் மாப்ளய இட்டுகினு வருவேன்" என்று வாயை விட்டுவிட்டார். அவர்களும் உறவுக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார்கள். இனி தோற்றால் சிரிப்பார்கள். ஜெயித்துவிட்டு, ஊர்வலத்தில் கார் நின்றுபோனால் அதைவிட மோசம். அபசகுனம் என்பார்கள். அந்தப் பேச்சைத் தங்கைதான் போகிற வீட்டில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஓர் ஆங்கிலப் பத்திரிகையோடு என் ஷெட்டுக்கு வந்தார்.

"அண்ணாத்த, இந்த ரேஸ் கேம் ஷாஃப்ட் போடணும், இந்த ரேஸ் கிளட்ச்சும் போடணும். நாவலூரு கம்ப்யூட்டர் ஆபீஸ்காரன் ரெண்டும் போட்டுகினு கீறான். போன வாட்டி என்னிய தோக்கடிச்சு பேஜாரு பண்ணிட்டான்."

"கல்யாணம் காருக்கா, தங்கச்சிக்கா?" என்று கேட்டேன்.

எஞ்சின் மூச்சு விடுகிற வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டுதான் கேம் ஷாஃப்ட். ரேஸ் கேம் போட்ட எஞ்சின் வேகமாகச் சுற்றிக் கத்தும்போதுதான் நன்றாக மூச்சு விடும். மெதுவாகப் போனால் குலுங்கும், இருமும், அணைந்துவிடும். ரேஸ் கிளட்ச் பிடித்தால் ஒரே பிடி, விட்டால் ஒரே விடு. பாதி பிடித்துப் பாதி விடுகிற ஹாஃப் கிளட்ச் என்ற பேச்சே அதனிடம் கிடையாது. ஊர்வலமோ முழுக்க முழுக்க ஹாஃப் கிளட்ச். நாதஸ்வரக்காரர் ஓர் அடி வைத்தால் காரும் ஓர் அடி வைக்க வேண்டும். பந்தயத்துக்கும் ஊர்வலத்துக்கும் நடுவில் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட நேரமும் இல்லை.

அதனால் இரண்டு வேலைக்கும் உதவுகிற சாமான் மட்டும்தான் என்று நானே முடிவு செய்தேன். பின் அச்சில் பல் சக்கரங்களை மாற்றினேன். டாப் ஸ்பீடு குறையும், கிளம்பும் இழுவை கூடும். பந்தயத்தில் சீறிக் கிளம்பவும் அது வேண்டும், ஊர்வலத்தில் ஊர்ந்து போகவும் அது வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து சுற்றி அதன் பலத்தைத் தின்கிற பழைய ரேடியேட்டர் ஃபேனைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடுகிற ஃபேன் வைத்தேன். கால் மைலுக்கு அதை அணைத்துவிடலாம், ஊர்வலத்தில் முழுசாக ஓடவிடலாம். பின்னால் அகலமான, மெத்தென்ற ரப்பர் டயர். சைலன்சருக்குப் போகிற குழாய்களைப் புகை தடையில்லாமல் போகும்படி நானே வளைத்து வெல்டு வைத்தேன். கிளட்ச் சாதாரண பிளேட்தான், புதுசு. கேம் ஷாஃப்டைத் தொடவே இல்லை.

பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. "இன்னா அண்ணாத்த, பந்தயத்துக்குப் போறவனுக்கு ஃபேன் மாட்டிக் குட்துகீற! எனக்கு இன்னா புழுக்கமாவா கீது?"

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டத்தில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. எங்கள் ஆள் எப்படியோ தோற்காமல் தப்பினார். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டேன். அடுத்த ஓட்டத்தில் தரையைக் கவ்விக்கொண்டது. கடைசி ஓட்டம் நாவலூர்க்காரரோடு. விளக்கு எரிந்ததும் அவருடைய கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்து, இருமி, அப்புறம்தான் ஓடியது. எங்கள் ஆள் கடைத்தெருவுக்குப் போகிறவர் மாதிரி கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார், கார் போய்விட்டது. பாதிக்கு மேல் நாவலூர்க்காரர் பேய் மாதிரி நெருங்கி வந்தார். அதற்குள் கோடு வந்துவிட்டது.

நாவலூர்க்காரர் நல்ல மனிதர். வந்து கை கொடுத்து, "என்ன சார் ரேஸ் கிட் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். எங்கள் ஆள் கப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கிட்டெல்லாம் ஒண்ணியும் இல்ல சார், எல்லாம் கால்ல கீது" என்றார். பக்கத்தில்தான் நான் நின்றிருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். அவரே ஓட்டினார், மாப்பிள்ளை பின்சீட்டில். நான் காரை ஒட்டியே நடந்தேன். பாதி வழியில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட்டம் போட நின்றார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், சூட்டு முள் சிவப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் நான் நிரப்பியது. ஃபேன் ஓடுகிற சத்தமும் கேட்கிறது. முன்னால் ஓடினேன். அப்போதுதான் தெரிந்தது. பூ அலங்காரக்காரர் காரின் முகத்தை ரோஜாவும் சாமந்தியுமாக இண்டு இடுக்கு இல்லாமல் அடைத்திருந்தார். ஃபேன் இழுப்பதற்குக் காற்று எங்கே இருக்கிறது? கோயில் வாசலில் நானும் பார்த்தேன், ஜோடனை நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு கையாலும் பிய்க்க ஆரம்பித்தேன். மேளம் நின்றுபோனது. மாப்பிள்ளையின் தாய்மாமன் என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ற? குட்ச்சிட்டு வந்துகீறியா?"

"மாப்ள காரு பூவப் பிக்கிறான், வெளங்குமா இது!" என்று ஒரு பெண் கத்தினார்.

"பூவு வேணுமா, மாப்ள வேணுமா? நீயே சொல்லு!" என்று நானும் கத்தினேன். கையை நிறுத்தவில்லை.

மாப்பிள்ளை ஜன்னலில் தலையை நீட்டினார். முகமெல்லாம் வியர்வை. "மாமா, உடு அவர. உள்ள இட்லி குண்டான்ல குந்திகினு கீறாப்புல கீது."

தாய்மாமன் காலரை விட்டார். சூட்டு முள் மெல்ல இறங்கியது. கார் ஓர் இடத்திலும் அணையாமல், முன்பக்கம் மொட்டையாக, மண்டப வாசல் வரை ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. சம்பந்தி வீட்டாரிடம் எங்கள் ஆள், "நம்ம மெக்கானிக்கு கொஞ்சம் ஒரு மாதிரி, மன்சுல வெச்சுக்காதீங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பிறகு கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். சமையல், நாதஸ்வரம், பந்தல், பூ அலங்காரம் என்று எல்லோர் பெயரும் எழுத்தில் ஓடுகிறது. நான் வருவது ஒரே இடத்தில். ஓர் ஆள் காரிலிருந்து பூவைப் பிய்க்கிறான், உடனே படம் கடற்கரைக் கோயிலுக்குத் தாவிவிடுகிறது.

காருக்கு இதைப் போடு, அதைப் போடு என்று இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அது எங்கெல்லாம் போகும், அதன் மேல் யாரெல்லாம் கை வைப்பார்கள் என்று கேட்காமல் நான் ஸ்பானரை எடுப்பதில்லை. எஞ்சினுக்கு உள்ளே இருப்பது பாதி வேலைதான் என்று எனக்குப் புரிய வைத்தது அந்தச் சாமந்திப்பூ. அந்தத் தங்கை நல்லபடியாக வாழ்கிறார், அந்தக் கல்யாண வீடியோ கேசட்டை சி.டி.யாக மாற்றப் போகிறார்களாம். மாற்றட்டும், சந்தோஷம்; ஆனால் நான் பூவைப் பிய்க்கிற இடத்தை வெட்டாமல், அதன் கீழே, பூ அலங்காரக்காரருக்குப் போட்ட அதே அளவு எழுத்தில், "இந்தக் காரை ஜெயிக்க வைத்ததும் நிற்காமல் கொண்டுவந்ததும் செங்கல்பட்டு மெக்கானிக்" என்று போட்டுத்தான் ஆக வேண்டும்.