சோறு தவிர வேறென்ன தின்கிறாய் என்று கேட்டவர்

மேரி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் சுகாதார நிலைய வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, ஒன்பது கர்ப்பிணிகளின் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பு, வீட்டிலேயே. படித்துவிட்டு மீதி மாதிரிகளையும் முடித்தேன். பாதியில் விட்டால் அத்தனை பேரும் இன்னொரு முறை கையை நீட்ட வேண்டியிருக்கும். அக்காவிடம் கேட்டிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார், கொஞ்சம் திட்டிவிட்டு.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அவரோடு இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள். நான் ஆய்வக நுட்பநராக வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. அதில் பாதி சண்டையில் போனது. புகழ்ந்து எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

கன்னிவாடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அவர் செவிலியர். ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா. கர்ப்பிணிகள் என்ன சாப்பிடலாம், எது கூடாது என்று வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே பாடத்தை அவர் ஒப்பிப்பதைப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. இரண்டு பத்தியாகப் பிரித்துப் பெரிய எழுத்தில் ஓர் அட்டவணை அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். கீரை, முட்டை, பயறு, நன்றாக வெந்த மீன், கழுவிய திராட்சை ஒரு பக்கம். காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, பப்பாளிக் காய் இன்னொரு பக்கம். பழுத்த பப்பாளியைச் சாப்பிடலாம் என்ற பக்கத்தில் போட்டிருந்தேன். மறுநாள் அந்த வரியின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“பழம் ஒண்ணும் செய்யாதுக்கா. காய்லயும் செங்காய்லயும்தான் பால் இருக்கு.”

“சரி தம்பி. அவுக வீட்ல அறுக்குறது பழமா செங்காயான்னு நீ போயி நின்னு பாப்பியா?”

“அதுக்காகச் சரியானதையும் மறைப்பீங்களா?”

“மறைப்பேன். பப்பாளி திங்காம எவளும் செத்துப் போகல.”

நான் பிரிப்பேன், அவர் ஒட்டுவார். இரண்டு மாதம் இப்படிப் போனது. அந்த வழியில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். பப்பாளிப் பழம் விஷயத்தில் அவர் சொன்னது தவறு. இறந்துவிட்டார் என்பதால் அது சரியாகிவிடாது.

ஆனால் என் அட்டவணையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதை எனக்குக் காட்டியது ஒரு மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டு மருமகள். பெயரை மாற்றிச் செல்வி என்று வைத்துக்கொள்கிறேன். முதல் பிள்ளை, ஏழாம் மாதம், வளைகாப்பு முடிந்திருந்தது. பதினொன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. இன்னும் இறங்கினால் திண்டுக்கல்லுக்கு அனுப்பி இரத்தம் ஏற்ற வேண்டும். அந்த நிலையில் பிரசவ வலி வந்துவிட்டால், கொஞ்சம் இரத்தம் போனாலும் அவள் தாங்க மாட்டாள்.

இயந்திரத்தைச் சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன். அதே எண். ஆகவே தப்பு அவள் மேல்தான் என்று முடிவு செய்தேன். “மாத்திரையை எங்க தூக்கிப் போடுற?” என்று நேராகவே கேட்டேன். அவள் அழுதுவிட்டாள்.

கூட வந்திருந்த மாமியார் கையில் வளையல் குலுங்க என்னிடம் வந்தார். “தம்பி, பச்சப்புள்ளைக்குக் குடுக்குற மாதிரி முன்னால நின்னு முழுங்க வைக்கிறேன். கீர, ஈரல், முட்ட எல்லாம் குடுக்குறேன். இதுக்கு மேல என்னத்தக் குடுக்க? ஒங்க சொவத்துல எழுதிருக்குற அம்புட்டும் குடுத்தாச்சு.”

மேரி அக்கா வந்தார். மாமியாரைக் காப்பி வாங்கிவர அனுப்பினார். செல்வியை என் அறை ஜன்னலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

“நான் மாசமா இருந்தப்ப என்ன தின்னேன் தெரியுமா? செவுத்து மண்ணு. மழ பேஞ்சு மண்ணு வாசம் வந்துட்டா கையி சும்மா இருக்காது. நகத்தால சொரண்டிச் சொரண்டித் திம்பேன். எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. உனக்கு என்னத்தா? சோறு தவிர வேற என்ன திங்கிற?”

காப்பிக்குப் போன மாமியார் திரும்பி வருகிறாரா என்று செல்வி பார்த்தாள்.

“திருநீறு” என்றாள் செல்வி.

“எம்புட்டு?”

“ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம். பழனிக்குப் போற ஆளுககிட்டச் சொல்லி வாங்குறேன். சாமி கும்புடுறேன்னு அத்தை பெருமையாச் சொல்லுது எல்லார்கிட்டயும்.”

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி விளக்க ஆரம்பித்தேன். இரத்தம் குறைந்தவர்களுக்கு மண், சாம்பல், பல்பம் மேல் ஆசை வரும். தின்றால் அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கக்கூடும், இரத்தம் மேலும் குறையும், ஆசை மேலும் ஏறும். “நீ போயி உன் மிசினப் பாரு தம்பி” என்றார் அக்கா. பிறகு அவளிடம், “நெத்தியில பூசிக்க. நாக்குல மட்டும் வைக்காத” என்றார். மாமியாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரிடம் மட்டும் சொன்னார். டாக்டர் இரும்புச்சத்தை ஊசியில் ஏற்றினார். அக்கா வாரம் இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போய், திருநீற்றுக்குப் பதிலாகக் கொறிக்கத் தான் கொடுத்த பொரிகடலை அவள் மடியில் இருக்கிறதா என்று பார்த்துவந்தார். ஒன்பதாம் மாதம் ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டியது. சுகப்பிரசவம், பெண் குழந்தை.

பெஞ்சில் அவர்கள் பேசிய அன்றைக்கே அக்காவிடம் கேட்டிருந்தேன். “உங்களுக்குப் பிள்ளையே கிடையாது. எதுக்கு அந்தப் பொண்ணுகிட்டப் பொய் சொன்னீங்க?”

“உன் மிசினு சொல்லாதத அவ சொன்னாளா இல்லையா?”

அந்தக் கதையை அதன்பின் பல பேரிடம் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருத்தி கற்பூரம் என்றாள், ஒருத்தி பச்சரிசி என்றாள். நல்ல தந்திரம், ஆனால் பொய் என்று என் கணக்கில் வைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது அவர் கணவரோடு நடந்தேன். நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்ன பேசுவது என்று தெரியாமல் இந்தக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

“பொய்யின்னு அவ சொன்னாளா?” என்று கேட்டார்.

“இல்ல. நானா நெனச்சேன்.”

“கலியாணமான மறு வருசம் உண்டானா தம்பி. ஆறு மாசத்துல போயிருச்சு. அப்புறம் தங்கல.” இரண்டு கையாலும் ஓர் அளவு காட்டினார். “எங்க பழைய வீட்டு அடுப்படிச் செவுத்துல இம்புட்டுக்குப் பள்ளம் இருந்துச்சு. எலி பறிச்சிருக்குன்னு நான்தான் சிமெண்டு வச்சுப் பூசுனேன். எல்லாம் முடிஞ்ச பெறகு சொன்னா. ஏன்டி ஒரு ஆள்கிட்டகூடச் சொல்லலன்னேன். என்ன சாப்புடுறன்னு எல்லாரும் கேட்டாக, சோறு கொழம்பு பழம்னு சொன்னேன், வேற என்னன்னு யாரும் கேக்கலங்கிறா.”

மண் தின்றதால்தான் அந்தக் குழந்தை போனது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. அக்காவும் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை. யாரும் கேட்காத அந்தக் கேள்வியை அதன்பிறகு அவர் ஒருவரிடமும் கேட்காமல் விட்டதில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சுவரில் அட்டவணை இருக்கிறது. பழுத்த பப்பாளி அதே பக்கத்தில்தான் இருக்கிறது, மாற்றவில்லை. அடியில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: சாப்பாடு அல்லாத எதையாவது தின்ன ஆசை வருகிறதா, சொல்லுங்கள். ஒருவரும் அதைப் படித்துவிட்டு வந்து சொல்லவில்லை. வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு முன் நாம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே அவருடைய கதையை நான் எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இரத்தம் எடுக்கும்போது, “எங்கக்கா ஒருத்தங்க மாசமா இருந்தப்ப செவுத்து மண்ணத் தின்னாங்க” என்று ஆரம்பிக்கிறேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

போன வாரம் ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டு கையைப் பார்த்தாள். பிறகு, “பல்பம் சார்” என்றாள். எழுதிக்கொண்டேன். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள்.

“ஒங்கக்காவுக்கு அப்புறம் நல்லபடியா ஆயிருச்சா சார்?”

ஆயிருச்சு என்று சொன்னேன்.