பச்சைத் தாவணிப் படம்

2008 ஆவணியில் ஒருநாள் அம்சவேணியின் கைபேசிக்குப் பதினேழு அழைப்புகள் வந்தன. எல்லாம் தெரியாத ஆண் குரல்கள். "நீதானே கூப்பிடச் சொன்னே?" என்றது ஒன்று.

முசரவாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, காஞ்சிபுரம் பஸ் நிலையத்தருகே ஒரு பிரவுசிங் சென்டரைக் கவனித்துக்கொண்டிருந்தாள் அவள். ஊரில் எல்லோரும் கணக்கு வைத்திருந்த நட்புத் தளத்தைத் திறந்தாள். அவள் பெயரில் இன்னொரு பக்கம் இருந்தது. அக்கா கல்யாணத்தில் பச்சைத் தாவணியில் எடுத்த படம், ஊர், கைபேசி எண். கீழே வாய்விட்டுப் படிக்கக் கூசும் இரண்டு வரி.

புகார் அனுப்பினாள், பதில் வரவில்லை. தன் கணக்கை அழித்தாள். பொய்ப் பக்கம் அப்படியே நின்றது. சிம்மை மாற்றிவிட்டு, "செல்லு தொலைஞ்சிடுச்சுப்பா" என்று அப்பா தணிகாசலத்திடம் பொய் சொன்னாள்.

அதன்பிறகு சென்டர் கதவு திறக்கும்போதெல்லாம் வருகிறவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். நோட்டில் பெயர் எழுதிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் உட்காரும் எவனும் அவனாக இருக்கலாம். சிரித்தாலும் பயம், சிரிக்காவிட்டாலும் பயம்.

அந்தத் தளத்தை விட்டு வேறு பெண்களும் விலகிக்கொண்டிருந்தார்கள். மின்னஞ்சலில் பழகிய ஏழு பேருக்காக அம்சவேணி ஒரு சின்னக் கருத்துக்களம் தொடங்கினாள். படம் கூடாது, சொந்தப் பெயர் கூடாது. உள்ளே இருப்பவள் ஒருத்தி போனில் பேசிப் பார்த்த பிறகே புதியவளுக்கு இடம். ஊர் பேர் சொல்லாமல், தாவணிப் படத்தின் கதையைத்தான் அதில் முதலில் எழுதினாள். தை பிறப்பதற்குள் இருநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன் பெண் வேஷத்தில் இருந்தால்?

மாசியில் ஒரு மதியம் தனிமடல் வந்தது. "நீங்க முசரவாக்கம்தானே? நேர்ல பேசணும். நாளைக்கு வரதராஜர் கோயில் வாசலுக்கு வரேளா?"

 களத்தையே அழித்துவிடலாம் என்று மவுஸில் கை வைத்தாள். இருநூறு பேர் எங்கே போவார்கள்? கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, பூ விற்கும் செல்லியம்மாளிடம், "நான் சத்தம் போட்டா ஓடியாந்துடுக்கா" என்று சொல்லிவிட்டு நின்றாள். வந்தது ஒரு கல்லூரிப் பெண்.

"என் பேர் ஜாஹ்னவி. பயப்படாதீங்கோ."

"என் ஊரு உனக்கு எப்படிமா தெரியும்?"

"அந்தப் பொய்ப் பக்கத்துல பார்த்தேன். அப்போ நம்பரெல்லாம் இல்லை. நீங்கதான்னு நம்பி ரெண்டு மாசம் பேசினேன். என் போட்டோவும் அனுப்பிட்டேன். இப்போ அதை வெச்சு மிரட்டறான். தாவணிக் கதையைப் படிச்சதும்தான் எல்லாம் புரிஞ்சுது."

 அம்சவேணி அவள் கையைப் பிடித்தாள். 

களத்தில் சென்னை வக்கீல் ஒருத்தி இருந்தாள். அவளே வந்து இருவரையும் போலீஸுக்கு அழைத்துப்போனாள். பங்குனியில் பொய்ப் பக்கம் நீக்கப்பட்டது. கூடவே ஒரு செய்தியும் வந்தது: அந்தப் பக்கம் உருவானது அம்சவேணி வேலை பார்த்த அதே சென்டரில். நோட்டில் அவன் எழுதியிருந்த பெயர் பொய். ஆள் அகப்படவில்லை.

அன்றே வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் எல்லாம் சொல்லி அழுதாள்.

"இத்தினி நாளா இதை மனசுல வெச்சிக்கினு எப்படிம்மா இருந்தே?" என்றவர், அவள் தலையைத் தடவினார்.

அடுத்த வருஷம் களத்தில் ஆயிரம் பேர். மதுரையில் ஒருத்தி, அதேபோல் இன்னொன்று தொடங்க வழி கேட்டாள். அம்சவேணி விதிகளை ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினாள். அனுப்பும் முன் அவளிடமும் ஒருமுறை போனில் பேசிப் பார்த்துக்கொண்டாள்.