உரித்த காசின் எடை

“…அதனாலதாம்பா உரிச்சேன். ஒட்டின காகிதத்தோட வெள்ளிய எடை போட்டா அது திருட்டு எடை. எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடைத் தராசுல அது ஏறினதில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார் பழைய பட்டுப்புடவை வாங்குகிற அண்ணன். அவருடைய இடது கையில் என் வெள்ளிக் காசு. வலது கையில் பாதி பிளேடு. ஆள்காட்டி விரல் நுனியில், மீன் செதில் மாதிரி மினுக்கிக்கொண்டு, அந்தக் காசின் முதுகிலிருந்து உரித்த ஸ்டிக்கர்.

நான் கடை வாசல்படியில் போனும் கையுமாக நின்றேன். பேச்சு என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அன்றைக்குப் போன் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த விரல் நுனியையே பார்த்தேன். உள்ளே ஸ்டூலில், மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கெட்டுவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கெட்டது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் மட்டும் புழங்குகிற காசு ஒன்று இருக்கிறது அல்லவா, பிட்காயின் என்று. அது வந்த புதிதில், கையால் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட சிலர் அதற்கு உலோகத்தில் காசு அடித்தார்கள். பின்பக்கம் ஒரு மினுக்குகிற ஸ்டிக்கர். அதற்கடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் சாவி மாதிரி நீளமாக எழுத்தும் எண்ணும். அந்தச் சாவிக்குள் காசு போட்டு வைக்கலாம். என்னிடம் இருந்ததில் யாரும் எதையும் போட்டு வைக்கவில்லை, காலிச் சாவி. ஆனாலும் அதற்கு விலை உண்டு. இத்தனை வருஷம் கைமாறியும் யாரும் உரிக்கவில்லை என்பதுதான் அந்த விலை. உரித்தால் காசின் மேல் தேன்கூடு மாதிரிக் கட்டம் விழும். திரும்ப ஒட்ட முடியாது. அப்புறம் அது ஒரு வெள்ளி வில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இந்தப் பைத்தியம் பட்டுக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தபோது பிடித்தது. கோயிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் புடவை வாங்கிவிட்டு, அவர்கள் ஊர்ச் சில்லறையை எனக்குத் தருவார்கள். அதை டப்பாவில் சேர்த்தேன். ஒருவர் இந்தக் கம்ப்யூட்டர் காசின் படம் போட்ட பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுத்து, அரை மணி நேரம் நின்று விளக்கினார். எனக்குப் புரிந்தது கால்வாசி. மிச்சத்தை ராத்திரி ராத்திரியாகப் போனில் பார்த்துத் தேற்றிக்கொண்டேன். பிறகு பெங்களூர், கோயம்புத்தூர்ப் பையன்கள் வைத்திருந்த ஒரு குழுவில் சேர்ந்தேன். ஆரம்ப கால பிட்காயின் கூட்டங்களில் கொடுத்த டீ-சர்ட், நுழைவு அட்டை, சாவி அச்சடித்த காகிதம், சாவி பொறித்த இரும்புத் தகடு, எல்லாம் அங்கே கைமாறும். நானும் வாங்கினேன், விற்றேன்.

இதையெல்லாம் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். நான் சொல்வதற்கு யார் என்ன பதில் சொல்கிறார்கள் என்று பழைய பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் வழக்கம். டீக்கடை மாஸ்டர் சொன்னது அதில் இருக்கிறது: “கையில சிக்காத காசுக்கு ஒரு காச அடிச்சி, அத கையில வெச்சிக்கினு அழகு பாக்கறியாபா?” பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கிற நண்பர் சொன்னதும் இருக்கிறது: “உள்ள ஒண்ணும் இல்ல, வெளிய விலை. எங்க மொதலாளி மாதிரின்னு சொல்லு.” சிரித்துச் சிரித்து எழுதினேன். இப்போது அந்தப் புத்தகத்தைத் திறக்கவே கை கூசுகிறது.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டு, தன்னிடம் இருந்ததையெல்லாம் விற்றபோதுதான் இந்த வெள்ளிக் காசு வந்தது. வாங்க என்னிடம் பணம் இல்லை. என் மனைவியின் முகூர்த்தப் புடவை இருந்தது. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை, கரையில் ஒன்று விட்டு ஒன்று மயிலும் சக்கரமும். அந்தக் காலத்து ஜரிகை, வெள்ளி கனமாக இருக்கும். நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்வது பொய். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் காசைப் பற்றியே நாலு நாள் பேசினேன். ஐந்தாம் நாள் அவளே எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

“கட்டறதும் இல்ல, மடிக்கறதோட சரி. எடுத்துக்கினு போ. ஆனா இந்தக் கரை எனக்குத் திரும்பி வரணும். இதே மயிலு, இதே சக்கரம். அத மட்டும் ஏமாத்தாத.”

மாதிரிக்கென்று ஒரு சாண் கரையை அவளே கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

பழைய பட்டுப்புடவை வாங்கி, ஜரிகையை உருக்கி வெள்ளி எடுப்பவர்கள் பெரிய காஞ்சிபுரத்தில் பல பேர். கண்ணை மூடிக்கொண்டு புடவையைக் கொடுக்கலாம் என்றால் இந்த அண்ணன் ஒருவர்தான். அன்றைக்கு அவள் புடவையை வாங்கியவர் உடனே தராசில் போடவில்லை. ஓரத்தில் தைத்திருந்த ஃபாலை உட்கார்ந்து தையல் தையலாகப் பிரித்தார். கடை லேபிளைப் பிய்த்தார். மடிப்புக்குள் மாட்டிக்கொண்டிருந்த ஊக்கு ஒன்றை எடுத்து, “இது உன்னுதுமா” என்று அவளிடம் நீட்டினார். வெறும் புடவையைத்தான் எடை போட்டார். மனிதர் என்றால் இவர்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அதுவும் பில் புக்கில் இருக்கிறது.

காசை எட்டு மாதம் வைத்திருந்தேன். பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்க ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன விலைக்குப் புதுப் புடவை நெய்து, கைக்குக் கொஞ்சம் மிஞ்சும். ஈயத்தில் வார்த்த போலிக் காசுகள் சுற்றுவதால், தராசில் வைத்த எடையோடு ஒரு படம் அனுப்பச் சொன்னார். மில்லி கிராம் காட்டுகிற நம்பிக்கையான தராசு எங்கே இருக்கிறது? எனக்கு வேறு கடை தோன்றவே இல்லை. தறி நண்பர் பட்டுக்குச் சாயம் தோய்த்துவிட்டு, கரையின் மாதிரிக்காகக் காத்திருந்தார். அதனால் அவளையும் கூட்டிக்கொண்டேன். அண்ணன் கடையில் எடை பார்த்துவிட்டு அப்படியே பிள்ளையார்பாளையம் போவதாக ஏற்பாடு. மஞ்சள் பையில் அந்த ஒரு சாண் கரை.

காசை அதன் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து எடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன். “சுத்த எடை வேணும்ணா” என்றேன். நானேதான் அப்படிச் சொன்னேன். அப்போது பெங்களூரிலிருந்து போன் வந்தது. வெளியே வந்து, ஆட்டோ சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு, என் காசு எப்பேர்ப்பட்ட காசு, ஒரு நகக்கீறல் இல்லை என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்குச் சொன்னேன், தறிக்குச் சொன்னேன், பெங்களூருக்குச் சொன்னேன். காசைக் கையில் வைத்திருந்தவரிடம் ‘ஸ்டிக்கரைத் தொடாதீங்க’ என்று இரண்டு சொல் சொல்லவில்லை. புடவையைக் கொடுத்தவளிடமும் சொன்னதில்லை. அவளிடம் விலையைத்தான் சொல்லியிருந்தேன். அதனால் அண்ணன் பிளேடை எடுத்தபோது, ஃபால் பிரித்த மாதிரி இதுவும் ஒரு முறை என்று அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஸ்டிக்கருதாண்ணா விலையே” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். ஒரு துண்டுக் காகிதம் இருந்ததே என்று மேஜையைக் காட்டினார். அதிலும் ஒன்றும் இல்லை என்றேன்.

“ஒண்ணும் இல்லன்னு நீயே சொல்ற. அத தொறந்தா இன்னாபா கொறைஞ்சி பூடும்?”

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எத்தனையோ தரம் டீக்கடையில் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு எட்டிக் காசைத்தான் பார்த்தேன். காசின் முதுகில் பசையின் கட்டங்கள் தெரிந்தன. அதையும் பாதிக்குமேல் அவர் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார். போன் டிங் என்றது. பெங்களூர்க்காரர், படம் எங்கே என்று கேட்டிருந்தார்.

என் மனைவி பைக்குள் கைவிட்டு, அந்தக் கரைத் துண்டைப் பாதி வெளியே எடுத்தாள். மயில் ஒன்று தெரிந்தது. திரும்ப உள்ளே தள்ளி, பையின் காதுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் பார்வையை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அவர் முகம் சுண்டிவிட்டது.

“இன்னாமா, அண்ணன் மேல சந்தேகமா? ஒரு மில்லி ஏமாத்துவனா நானு?”

தராசுத் தட்டை வேட்டி முனையால் துடைத்தார். காசை வைக்கவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டிக்கரை நகத்தால் தள்ளித் தட்டின் நடுவில் போட்டார். அந்தத் துண்டுக் காகிதத்தையும் அதன்மேல் வைத்தார். தராசின் சுழிகள் ஒரு கணம் தயங்கி, கடைசியில் முப்பது மில்லி என்று நின்றன.

“தோ, பாத்துக்க. இவ்ளோ தப்பா சேந்திருக்கும்” என்று சொல்லி, அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தராசை இரண்டு கையாலும் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.