இரண்டாவது ரவைக்கூடு

கடிதத்தைக் கொண்டுவந்தவர் கிராம சேவகர். கையொப்பம் வாங்கிக்கொண்டு, வாசலில் நின்றபடியே ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டுப் போனார். காலமான ஸுஹைரின் பெயரில் உள்ள கைத்துப்பாக்கியை, அனுமதிப்பத்திரத்தில் எழுதியிருக்கிற அத்தனையோடும் பதினான்கு நாட்களுக்குள் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கி ஒன்று, ரவை பத்து, ரவைக்கூடு இரண்டு.

ஸுஹைரின் மனைவி நஜ்முன் நிஸா உள்ளே போய் அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தாள். துப்பாக்கி இருந்தது. ஒரு மருந்துப் போத்தலுக்குள் ரவைகள் பத்தும் இருந்தன. ரவைகளை அடுக்கித் துப்பாக்கிப் பிடிக்குள் செருகுகிற ரவைக்கூடு ஒன்றுதான் இருந்தது.

சண்டைக் காலத்தின் கடைசி வருடங்களில் ஸுஹைர் கிண்ணியாவில் பிரதேச சபை உறுப்பினராக இருந்தவர். தொலைபேசியில் மிரட்டல்கள் வந்தபோது, தற்காப்புக்கென்று அனுமதி எடுத்து அவர் வாங்கிய துப்பாக்கி அது. எந்த நாட்டுப் படையோ பாவித்துக் கழித்துவிட்ட பழசு. அது வீட்டுக்குள் வந்த அன்றிலிருந்து நிஸா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. "வெச்சிருக்கிறதெண்டா வெச்சிருங்க. அதப்பத்தி என்னோட ஒரு கதையும் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அவரும் சொன்னபடியே நடந்தார். துப்பாக்கியைத் துடைத்தாலும், அனுமதியைப் புதுப்பிக்கப் போனாலும் அவளுக்குச் சொல்வதில்லை. சென்ற வருடம் மாரியில் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் அவர் மவுத்தானார். கணவனை இழந்தவள் இருக்கிற இத்தா முடியும் வரை நாலு மாதம் பத்து நாள் அவள் வீட்டை விட்டு இறங்கவில்லை. அந்தப் பெட்டியின் நினைவும் வரவில்லை.

பிள்ளைகள் இல்லாத வீடு. பாடசாலைச் சீருடையும் அபாயாவும் தைத்துத்தான் அவள் சீவித்தாள். மூன்று நாள் தையலை நிறுத்திவிட்டு வீடு முழுக்கத் தேடினாள். மெத்தையின் நூலைப் பிரித்துப் பார்த்தாள். குசினிப் பரணில் ஏறினாள். கிடைக்கவில்லை. காணாமல் போன ரவைக்கூட்டை யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அந்த ஒரு கேள்வியை நினைத்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் தம்பி இன்பாஸிடம் சொன்னாள். அவன் துறையடியில் படகு என்ஜின் திருத்துகிறவன். எந்த நாட்டு என்ஜினாக இருந்தாலும், எவ்வளவு பழசாக இருந்தாலும், சாமான் தேடிப்பிடித்துப் போட்டுவிடுவான் என்று அவனுக்குப் பெயர்.

"இதுக்கா ராத்தா இப்பிடி மெலிஞ்சு போனீங்க? அதே மாதிரி ஒண்டத் தேடிப் போட்டாச் சரி" என்றான்.

"துவக்குச் சாமான் கடையில விக்கிற சாமானா?"

"தெரிஞ்ச ஆளிட்ட கேப்பம். கேக்கிறதுல என்ன குத்தம்?"

அவன் அழைத்துப்போனது திருகோணமலைப் பாலையூற்றில் இருந்த அல்பிரட்டின் வீட்டுக்கு. அல்பிரட் முப்பது வருடம் துறைமுகத்தில், படையினரின் ஆயுதம் திருத்தும் பட்டறையில் சிவிலியன் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். நிஸா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகவில்லை. அடுத்தவர் பெயரில் உள்ளதைத் தூக்கிக்கொண்டு கிண்ணியாப் பாலம் தாண்ட அவளுக்குத் துணிவில்லை. கைப்பேசியில் படம் எடுத்துப் போயிருந்தாள்.

அல்பிரட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நேரம் எடுத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்கு மெகசின் தேடுறது லேசில்ல. ஒரே மாதிரித் துவக்க நாலு நாட்டில செய்திருக்கிறாங்கள். பார்த்தா ஒண்டு போலத்தான் இருக்கும். போட்டா ஒண்டு இறங்காது, மற்றது இறங்கினாலும் நிக்காது. நாங்களே பட்டறையில வருசக்கணக்காத் தேடினனாங்கள்."

நிஸாவுக்கு அது விளங்கியது. பழைய தையல் மெஷினுக்குப் பொபின் கேஸ் வாங்கப் போய், கண்ணுக்கு அச்சொட்டாக இருந்த மூன்றைக் கொண்டுவந்து மூன்றும் பொருந்தாமல் திருப்பிக் கொடுத்தவள் அவள்.

"எங்கயும் எடுக்க ஏலாதா?" என்று இன்பாஸ் கேட்டான்.

அல்பிரட் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, கடதாசி இல்லாம அதை நீர் கையில வெச்சிருந்தாலே குற்றம். துவக்கு வேணுமெண்டில்ல, அந்தத் தகரக் கூடு ஒண்டே போதும். இருக்கிறதக் கொண்டுபோய்க் குடுங்கோ. மற்றதைக் காணேல்லை எண்டு உண்மையைச் சொல்லுங்கோ."

திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலம் முழுவதும் இன்பாஸ் ஒன்றும் பேசாமல் ஓட்டோவை ஓட்டினான். அவன் பேசாமல் இருந்தால் எதையோ யோசிக்கிறான் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு முன், குளித்துத் தொப்பி போட்ட கோலத்தில் இன்பாஸ் வந்தான். சாரத்து மடிப்பிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துத் தையல் மேசையில் வைத்தான்.

"பழைய இரும்பு வாங்கிற ஒருத்தன்ட்ட இருந்திச்சு. படத்தக் காட்டினன், இதான் எண்டு தந்தான்."

"அல்லாஹ்வே! எடுத்திட்டுப் போ இத. இப்பவே எடு."

"ராத்தா, மச்சான்ட பேருக்குக் கெடுதி வராம இருக்கத்தான் பார்க்கிறன். பெட்டிக்குள்ள போட்டு ரெண்டாக் குடுங்க. ஆர் பாக்கப் போறான்? குத்பா தொடங்கப் போகுது, நான் வாறன்."

அவன் போய்விட்டான். தெருவில் ஆண்கள் ஒருவரும் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டது. நிஸா பொட்டலத்தைத் தொடாமல் நெடுநேரம் கதிரையில் இருந்தாள். இன்னும் இரண்டே நாள். பொருந்தினால் இன்றோடு முடிந்துவிடும் என்ற எண்ணம் வந்தது. வந்த பிறகு போக மறுத்தது.

பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை மேசையில் துணி விரித்து வைத்தாள். ரவைகள் போத்தலுக்குள்தான் இருந்தன, எண்ணிப் பார்த்தாள். புதிதாக வந்த கூட்டைப் பிடிக்குள் மெல்லச் செருகினாள். பாதிவரை சுகமாகப் போனது. பிறகு நின்றது. கொஞ்சம் அழுத்தினாள். 'கடக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

இழுத்தாள். துணியால் பிடித்து இழுத்தாள். கை வழுக்கியது. உள்ளங்கை வியர்வையை உடுப்பில் துடைத்துத் துடைத்து முயன்றாள். தையல் மெஷினின் திருகாணி கழற்றும் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்தவள் சட்டென்று கீழே வைத்தாள். கீறல் விழுந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அல்பிரட்டுக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததைச் சொன்னாள்.

"தங்கச்சி, கையை எடுங்கோ. இனி அதைத் தொடாதீங்கோ. நான் வந்து கழற்றினா நானும் உங்களோட சேர்ந்து ஒளிச்சதாப் போகும். பொலிசுக்கு அறிவியுங்கோ. அவங்கள் வந்து எடுக்கட்டும்."

தொழுகை முடிந்து சனம் கலையும் சத்தம் கேட்டதும் இன்பாஸுக்கு எடுத்தாள். "நான் பொலிசுக்குச் சொல்லப் போறன். நீயும் வா, ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவம்."

"பைத்தியமா ராத்தா?" அவன் குரல் ஒடுங்கியது. "ஊட்டுக்குள்ளதான் கிடந்திச்சு எண்டு சொல்லுங்க. மச்சான் எங்கயோ எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தார் எண்டு சொல்லுங்க. அவருக்கு இனி என்ன நடக்கப் போகுது?"

அதுவரை பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது கோபம் வந்தது.

"மவுத்தான மனிசன்ட தலையில கொண்டுபோய்ப் போடச் சொல்றியா? என்னால ஏலாது, இன்பாஸ்."

அவன் தொடர்பைத் துண்டித்தான்.

பின்னேரம் மூன்று மணிக்கு சார்ஜன்ட் இராகுலன் இரண்டு பொலிஸ்காரரோடு வந்தார். மேசையில் விரித்த துணியின் மேல் எல்லாம் கிடந்தபடியே கிடந்தன. அவர் படம் எடுத்தார், எழுதினார், கையுறை போட்டு எல்லாவற்றையும் பொதி செய்தார். பிறகு அவளுக்கு எதிரே அமர்ந்தார்.

"இந்த மெகசினை உங்களுக்கு ஆர் தந்தது, அம்மா?"

வாசலில் அயல் பெண்கள் கூடி நின்றார்கள். தம்பி பிறந்தபோது அவளுக்கு வயது பன்னிரண்டு. தாய் நோயாளியாய்க் கிடந்ததால் அவனை இடுப்பில் வைத்துத் திரிந்தவள் அவள். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்து போனாள். குசினியில் நின்று குடித்தாள். திரும்பி வந்து சொன்னாள்.

"என்ட தம்பி. முகம்மது இன்பாஸ். வேணாம் எண்டு சொன்னன். பிறகு அதப் போட்டுப் பார்த்தது நான்தான். அதையும் எழுதுங்க."

அன்று மாலையே இன்பாஸைக் கூட்டிப்போனார்கள். பழைய இரும்புக்காரனின் வளவைத் தோண்டியபோது இன்னும் சில சாமான்கள் அகப்பட்டன. இன்பாஸ் மூன்று கிழமை விளக்கமறியல் சிறையில் இருந்து பிணையில் வந்தான். நிஸாவின் பெயர் வழக்கில் சாட்சியாகப் போடப்பட்டது.

ஒரு மாதம் கழித்து இராகுலன் தொலைபேசியில் அழைத்தார். அனுமதிப்பத்திரக் கோவையைப் பார்த்து, கொழும்பில் ஸுஹைர் வழக்கமாகப் போன அனுமதி பெற்ற துப்பாக்கிக் கடையை விசாரித்திருக்கிறார்கள். இரண்டாவது ரவைக்கூடு அங்கேதான் இருந்தது. அதன் சுருள்கம்பி தளர்ந்துவிட்டதால் மாற்றித் தரும்படி ஸுஹைர் ஒன்பது வருடங்களுக்கு முன் கொடுத்திருக்கிறார். பொருத்தமான சுருள்கம்பி கிடைக்கவில்லை. கடைக் கொப்பியில் திகதியோடு, கையொப்பத்தோடு எல்லாம் இருந்தது.

நிஸா நன்றி சொல்லி வைத்தாள். பிறகு கட்டிலில் போய்ப் படுத்து, அவர் மவுத்தான அன்றும் அழாத அழுகையை அழுதாள். துப்பாக்கியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று சொன்னது தான்தானே என்று அவளுக்குத் தோன்றியது.

இன்பாஸ் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஹஜ் பெருநாளுக்கு அவள் அனுப்பிய சாப்பாட்டை அவன் மனைவி பஹ்மியா வாங்கிக்கொண்டாள். ஆனால் ஏனத்தை ஒரு பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாளே தவிர, தான் வரவில்லை. நீதிமன்றத் தவணைகளில் அக்காவும் தம்பியும் ஒரே வாங்குப்பலகையின் இரு முனைகளில் இருந்தார்கள்.

நாலாம் தவணை தள்ளிப்போன அன்று நல்ல மழை. நிஸா பஸ் தரிப்பிடத்தில் நனைந்தபடி நின்றாள். ஓட்டோ வந்து முன்னால் நின்றது.

"ஏறுங்க" என்றான் இன்பாஸ், முகத்தைத் திருப்பாமல்.

அவள் ஏறவில்லை. "சாட்சிக் கூட்டில ஏத்திக் கேட்டா உள்ளதத்தான் சொல்லுவன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"தெரியும்." அவன் மழைத்திரையை உயர்த்திப் பிடித்தான். "நனையாம ஏறுங்க, ராத்தா."