கை நீட்டாமல் எழுந்தவர்

மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டில் இருந்தபோது பாடகர் குழுவின் வாட்ஸப்பில் செய்தி வந்தது. சிங்காநல்லூர் ஜெயசீலன் அண்ணன் விடிகாலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அழுகைக்கு முன்னால் எனக்கு ஒரு கேள்விதான் வந்தது. தேவராஜ் அண்ணன் போய்ப் பார்த்தாரா, இல்லையா? பஸ்ஸில் வழி நெடுக அதே நினைப்பு. நம் சபையார் பலருக்கும் அன்று அந்தக் கேள்வி இருந்திருக்கும்.

லேத் பட்டறை நடத்திக்கொண்டே நம் பாடகர் குழுவையும் நடத்தியவர் ஜெயசீலன் அண்ணன். ராகம் பிசகினால் திட்டமாட்டார். பிசகாமல் பாடிவிட்டு நாங்கள் பெருமையாக நிமிர்ந்தால்தான் வம்பு. "பாட்டு வந்துருச்சு கண்ணு. பாடறவங்களைத்தான் காணோம். எங்க போயிட்டீங்க?" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இது என்ன விசாரணை என்று முணுமுணுப்பேன்.

பிறகு சபைத் தேர்தல் வந்தது. தோளோடு தோள் நின்று தன்னுடன் பாடிய தேவராஜ் அண்ணனை, "ஆள் புடிச்சு ஓட்டு வாங்குனவன்" என்று கூட்டத்தில் எல்லார் முன்னும் சொல்லிவிட்டார். அது பொய் என்று பின்னால் தெரிந்தது. அதற்குள், ஆணும் பெண்ணுமாகப் பிரிந்து உட்கார்ந்த ஆலயத்தில் நாம் கட்சிவாரியாக உட்காரத் தொடங்கிவிட்டோம்.

ஈஸ்டர் அன்று அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு முழங்காலிட்ட ஜெயசீலன் அண்ணன், ஆயர் அப்பத்தோடு அருகில் வந்தபோது கை நீட்டவில்லை. எழுந்தார். எதிர்ப்பக்கம் போய்த் தேவராஜ் அண்ணன் முன்னால் நின்று, "மன்னிச்சுப்போடு தேவராஜு" என்று கும்பிட்டார். தேவராஜ் அண்ணன் அசையவில்லை. "ஏனுங்க, நாலு பேரு பாக்கோணும்னுதானே இங்க வந்து கேக்கறீங்க?" என்றார். அதற்குப் பதில் அடித்தே இருக்கலாம். ஜெயசீலன் அண்ணன் தலை குனிந்தபடி வெளியே போனார்.

அதன்பின் ஆராதனைக்கு வருவார், கடைசி வரிசையில் நின்று பாடுவார், தேவராஜ் அண்ணனோடு ஒப்புரவாகாததால் திருவிருந்து மட்டும் எடுக்கமாட்டார். நோய் முற்றிப் படுத்தபோது ஆயர் அதை வீட்டுக்கே கொண்டுவந்தார். நானும் அங்கிருந்தேன். ஜெயசீலன் அண்ணனின் மனைவி கிரேஸ் அக்கா அழுது கெஞ்சினார். "வாய் தொறக்குதுங்க ஐயா, நெஞ்சு தொறக்கலீங்களே. தேவராஜு கேட்டது நெசமுங்க. அன்னிக்கு நான் நாலு பேருக்காகத்தான் போனேன்" என்றார் அண்ணன். ஆயர் வற்புறுத்தவில்லை. எனக்கோ கோபம் வந்தது. இப்படியே போய்விடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது, தலைமாட்டில் தேவராஜ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கிரேஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேவராஜு தம்பி நேத்துப் பொழுதோட வந்தாருங்க அம்மணி. நாங்க ஆரும் கூப்புடல. ஊட்டுல நாங்க மூணே பேருதான். இவரு மறுக்காவும் மன்னிப்புக் கேட்டாரு. 'இப்ப ஆருமே பாக்கலீங்கண்ணா'ன்னு சொல்லிப்போட்டு தம்பி இவரு கையப் புடிச்சுக்கிட்டாரு. அப்பறந்தான் இவரு திருவிருந்துக்கு ஆயரக் கூப்புடச் சொன்னாரு. வெளியூர் போயிருந்த ஆயர் வந்து சேர்றதுக்குள்ள..." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசியா உள்ள போனது தேவராஜு தம்பி புகட்டுன தண்ணிதானுங்க" என்றார்.

அப்பமும் திராட்சரசமும் அவர் நாவில் படவில்லை. அதை நினைத்து நான் இப்போது கலங்குவதில்லை.

எங்களைத் துளைத்த அவருடைய அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். போன ஞாயிறு திருவிருந்துக்கு முழங்காலிட்டபோது அது காதில் விழுந்தது. எங்க போயிட்டீங்க? ஆயர் அப்பத்தோடு காத்து நின்றார். "இங்கதான் இருக்கேனுங்கண்ணா" என்று மனதுக்குள் சொல்ல முடிந்த பிறகுதான் கை நீட்டினேன்.