ஏரிக்கு வரும் ஓடையை எதிர்த்து நடந்த ஞாயிற்றுக்கிழமை

கொடைக்கானல் ஏரியைப் பற்றி இணையத்தில் எத்தனையோ பதிவுகள் இருக்கின்றன. படகுக்கு எங்கே வரிசையில் நிற்க வேண்டும், வாடகை சைக்கிள் எங்கே நல்லதாகக் கிடைக்கும், சுட்ட சோளம் யாரிடம் வாங்க வேண்டும் என்று எல்லாமே எழுதியிருக்கிறார்கள். ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று மட்டும் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. பிப்ரவரிக் குளிர் இன்னும் விடாத போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கப் போனேன். அந்த வழியை இங்கே எழுதுகிறேன். இங்கு வரத் திட்டமிடுகிறவர்களுக்கு இது உதவும்.

நான் சுற்றுலாப் பயணி இல்லை. இந்த ஊர்ப் பெண், பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். என் பெயரும் தெருவும் இதில் இருக்காது. எங்கள் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஏரிக்கு மேலே உள்ள சரிவில் எட்டு அறை கொண்ட லாட்ஜ் நடத்துகிறார், அதிலேயே ஒரு பக்கம்தான் எங்கள் வீடு. நான் போனது ஏரியில் அழுக்கு கலப்பதைத் தடுக்கப் பாடுபடும் ஒரு சிறிய தொண்டு அமைப்போடு. லாட்ஜ்காரர்கள் நடுவே அந்த அமைப்பின் பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடும். எங்கோ ஒரு விடுதிக்குச் சீல் வைத்தபோது இவர்கள்தான் போட்டுக் கொடுத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. "அந்தக் கும்பலோட உன்னையப் பார்த்தேன்னு ஒருத்தன் வந்து சொன்னாப் போதும், பழனியில மாமி வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன். அங்கனயே படி" என்று அத்தா சொல்லியிருக்கிறார். அத்தா சும்மா மிரட்டுகிறவர் இல்லை. போன வருடம் சொன்னபடியே என் செல்போனை மூன்று மாதம் பூட்டி வைத்தவர்.

அதனால் நாயுடுபுரத்தில் ரம்யா வீட்டில் வேதியியல் ரெக்கார்டு எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ரம்யா என் வகுப்பு. எனக்கு முன்பே அந்த அமைப்பில் சேர்ந்தவள். ரெக்கார்டு நோட்டையும் பையில் வைத்துக்கொண்டேன். இப்போது வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், போன் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டில் ஜீப் நின்றது. நடத்திச் செல்பவர் மெர்சி அக்கா, வார நாட்களில் வங்கியில் வேலை பார்க்கிறார். ஜீப் ஓட்டியவர் பாண்டி அண்ணன், கன்னிவாடிக்காரர். மற்ற நாளெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டுகிறார். ஏரிக்குப் போகப்போகிறோம் என்று நினைத்தால் வண்டி மலைப்பாதையில் கீழே இறங்கியது. வத்தலக்குண்டு சாலையில் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வெள்ளி அருவிக்குத்தான் முதலில் போனோம். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே அருவியாக விழுகிறது.

"மேல இருந்து தேடுனா ஊருல உள்ள எல்லா வீட்டையும் சந்தேகப்படணும். கீழ இருந்து போனா தண்ணியே கூட்டிட்டுப் போகும்" என்றார் மெர்சி அக்கா.

இருபத்தைந்து நிமிடத்தில் போய்விட்டோம். (வாடகைக் காரில் போய்வர பஸ் ஸ்டாண்டில் ஐநூறு ரூபாய் கேட்கிறார்கள். சீசனில் கூடும். பேரம் பேசலாம்.) அந்த நேரத்திலேயே திருச்சி வேன் ஒன்று நின்றிருந்தது. ஒரு அண்ணன் பாறைமேல் ஏறி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தார்.

"தம்பி, மூஞ்சி கழுவுங்க, வாயில மட்டும் ஊத்தாதீங்க" என்று பாண்டி அண்ணன் கத்தினார்.

"மூலிகைத் தண்ணினு யூடியூப்ல சொன்னாங்களேண்ணே!"

"மூலிகையும் கெடக்கும், மத்ததும் கெடக்கும். ஊரே குளிச்ச மிச்சம் அது."

வேனில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்த அண்ணன் கையை உதறிவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது மணி ஏழு. அன்று நான் சிரித்தது அதோடு சரி.

சோதனை எப்படிச் செய்கிறார்கள் என்று அங்கேதான் பார்த்தேன். சிறிய கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் பிடித்து இரண்டு மருந்துகளைச் சில சொட்டுகள் விடுகிறார்கள். தண்ணீரில் உயிர்க்காற்று நன்றாகக் கலந்திருந்தால் பழுப்பாக மாறும். சாக்கடை கலந்து காற்றே இல்லாமல் போயிருந்தால் வெள்ளையாகவே நிற்கும். அருவித் தண்ணீர் பாறையில் விழுந்து விழுந்து காற்று வாங்கியிருக்கும் என்பதால் பழுப்பு வந்தது. "இத நம்பி ஏமாந்துராதீங்க. கிருமி இதுல தெரியாது" என்றார் அக்கா.

திரும்பி ஏரிக்கு வந்தபோது எட்டேகால். ஏரியைச் சுற்றிவரும் சாலை ஐந்து கிலோமீட்டர், நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். நடக்கிறவர்கள் எட்டு மணிக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், அதற்கு மேல் குதிரையும் சைக்கிளும் வழிவிடாது. நாங்கள் பாதிச் சுற்று நடந்து, ஓர் ஓடை ஏரியில் வந்து விழும் இடத்தில் நின்றோம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பாலத்தில் நின்று புதுமணத் தம்பதிகள் படம் எடுப்பார்கள், நானே அங்கே நின்று எடுத்திருக்கிறேன். பாலத்தின் அடியில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. புட்டி வெள்ளையாக நின்றது.

அங்கிருந்து ஓடையை எதிர்த்து மேலே ஏற ஆரம்பித்தோம். பாதை என்று எதுவும் இல்லை. முட்டிவரை பூட்ஸ் கொடுத்தார்கள், எனக்கு இரண்டு அளவு பெரியது. ஓடை இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கிளையிலும் தண்ணீர் பிடித்துப் பார்க்க வேண்டும். பழுப்பு வரும் கிளையை விட்டுவிட வேண்டும். வெள்ளையாக நிற்கும் கிளையில் ஏற வேண்டும். முதல் பிரிவில் வலது கிளை பழுப்பு. இடது பக்கம் போனோம். எங்கள் தெருவும் இடது பக்கம்தான். அந்தப் பக்கம் எத்தனையோ தெரு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது பிரிவில் ஒருவர் சாக்குச் சாக்காகக் காரட்டைக் கொட்டிக் காலால் மிதித்துக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"போட்டோ கீட்டோ எடுத்தீங்க, கேமராவத் தூக்கி ஓடையில போட்ருவேன் ஆமா."

"உங்களுக்காக வரலண்ணே. மண்ணுதான கழுவுறீங்க" என்றார் மெர்சி அக்கா.

"அப்ப மேல போயிப் பாருங்க. ரூம்காரங்க குளிக்கிற நேரம் இது. நொரை நொரையா வரும், காரட்டுல சீயக்கா வாசம் அடிக்கும். யாவாரி என்னையப் புடிச்சுத் திட்றான்."

"சீயக்கா இல்லண்ணே, ஷாம்பு" என்றாள் ரம்யா.

"எந்தக் கருமமோ. வெரசா போங்க, நாத்தம் தாங்கல."

அந்தப் பிரிவிலும் இடதுதான். மூன்றாவது பிரிவுக்கு வந்தபோது மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. அந்த இடத்தை நான் மேலே இருந்துதான் பார்த்திருக்கிறேன், எங்கள் மொட்டை மாடியிலிருந்து. கீழிருந்து பார்க்கும்போது ஊரே வேறு மாதிரி இருக்கிறது. எல்லா வீடும் முதுகைத்தான் காட்டுகிறது. சவ்சவ் பந்தலுக்கு அடியிலிருந்து பெரிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று ஓடையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் ஒழுகாமல் இருக்க ஒரு துணிக் கீற்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். துணியில் ஆரஞ்சுப் பூ. எங்கள் லாட்ஜ் அறைகளில் போன வருடம் வரை தொங்கிய திரைச்சீலை.

ரம்யா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறாள்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் ஒருமுறை இருமியது போலச் சத்தம் போட்டுவிட்டு நுரையும் மற்றதுமாகக் கொட்டியது. மூன்றாம் நம்பர் அறையில் சேலத்துக் குடும்பம் பத்து மணிக்குக் கிளம்புவதாக முந்தின நாள் சொல்லியிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் குளித்திருப்பார்கள்.

"இது யாரு வீட்டுப் பைப்புனு உங்க ரெண்டு பேருல யாருக்காச்சும் தெரியுமாம்மா?" என்று மெர்சி அக்கா கேட்டார்.

"தெரியலக்கா" என்றாள் ரம்யா, நான் வாயைத் திறப்பதற்குள். நான் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குழாய் போன மே மாதம் வந்தது. பின்பக்க அறையில் தங்கியவர்கள் ஜன்னலைத் திறந்தால் வாடை வருகிறது என்றார்கள். லாட்ஜ் ஆவதற்கு முன் இது பழைய பங்களாவாக இருந்தபோது ஒரு குடும்பத்துக்குக் கட்டிய கழிவுத் தொட்டிதான் இன்னும் இருக்கிறது, அதில் எட்டு அறைத் தண்ணீர் போகிறது. நிரம்பி வழிவதற்கு ஒரு குழாய் இருந்தது. வாடை விருந்தினர் மூக்குக்குப் போகக்கூடாதே என்று அத்தா அந்தக் குழாயை இன்னும் இருபதடி நீட்டினார். வழிந்து போவது தெளிந்த தண்ணீர்தான், அழுக்கு தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும் என்று அவர் நம்புகிறார். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். போன ஞாயிறு வரை நானும் நம்பினேன்.

மெர்சி அக்கா யார் வீட்டின் பின்பக்கமும் கேட்காமல் நுழைவதில்லை. அடுத்த ஞாயிறு அந்தத் தெருவில் முன்வாசல் வழியாகப் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். கழிப்பறையில் பச்சைச் சாயம் ஊற்றிப் பார்க்க அனுமதி கேட்பார்கள். ஓடை பச்சையானால் வீட்டுக்காரரையே கூட்டிவந்து காட்டுவார்கள். பிறகு மேஸ்திரியோடு வந்து, தொட்டியை எங்கே பெரிதாக்கலாம் என்று கூடவே நின்று பார்ப்பார்கள்.

"முடியாதுனு சொல்லிட்டா?" என்று கேட்டேன். அன்று நான் கேட்ட ஒரே கேள்வி.

"கும்பிட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். மறுபடி ஒரு மாசம் கழிச்சு வருவோம்."

"நீங்கதான் சீல் வைக்கச் சொன்னீங்கன்னு பேசிக்கிறாங்களேக்கா" என்றாள் ரம்யா.

"நாங்க போட்டுக் குடுத்தா அடுத்த வீட்டுல எவன்டீ கதவத் தொறப்பான்?"

ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். பூட்ஸ் போட்டும் காலில் நாற்றம் இருந்தது. மூன்று முறை சோப்புப் போட்டேன். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்தே போட்டேன்.

திங்கட்கிழமை சாப்பிடும்போது பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தேன். "நம்ம டேங்க் தண்ணி வழிஞ்சு எங்கத்தா போகுது?"

"உனக்கு எதுக்கு அந்தச் சோலி? மார்ச்சுல பரீட்சை இருக்குல்ல?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா யாரும் டேங்கக் கேக்க மாட்டாங்க" என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சோற்றைப் பிசைந்தேன். அம்மா குழம்பை ஊற்றி, "சாப்பிடுற நேரத்துல பேசுற பேச்சா இது?" என்று முடித்துவைத்தார்.

அதே நேரம் அத்தாவின் போன் அடித்தது. ஏப்ரலில் வரப்போகும் ஒரு கரூர்க்காரர். கைக்குழந்தை இருக்கிறது, அறையில் ஹீட்டர் உண்டா என்று கேட்டார். எங்களிடம் ஹீட்டர் கிடையாது. இரண்டு வருடமாக அம்மா கேட்டு அத்தா வாங்காத பொருள் அது. "இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தால் வரவேற்பறையில் இரண்டு ஹீட்டர் பெட்டிகள் இருந்தன.

இன்று புதன். ஞாயிறு காலை மெர்சி அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். நான் யார் மகள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் யாரோடு நடந்தேன் என்று அத்தாவுக்கும் தெரிந்துவிடும். அத்தா கதவைச் சாத்திவிட்டால் குழாய் அங்கேயே இருக்கும், நான் பழனிக்குப் போய்விடுவேன். உள்ளறையில் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட யோசித்துவிட்டேன்.

வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள், அடிவாரத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அபராதம் உண்டு, வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். அருவியில் நனையலாம், குடிக்க வேண்டாம். ஓடையில் நடக்க ஆசைப்பட்டால் அந்த அமைப்போடு மட்டும் போங்கள், தனியாக இறங்காதீர்கள்.

அறை பதிவு செய்யப் போன் போடுவீர்கள். சுடுதண்ணீர் வருமா, கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்பீர்கள். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: உங்கள் லாட்ஜின் கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது? ஏரியைச் சுற்றி எந்த லாட்ஜாக இருந்தாலும் கேளுங்கள். முடிந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம். ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில் கேட்டால் போதும். உங்கள் போனை எடுப்பவர் எங்கள் அத்தாவாக இருந்தால், "இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். விருந்தினரிடம் அப்படிச் சொல்லிவிட்டு அவர் பார்க்காமல் விட்டதே இல்லை.